யார் முதலில் கை நீட்டுவது

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி அன்று காலை முழுக்க ஊமையாகிப் போனதற்கு மழை காரணமில்லை, லாரிக்காரர்களின் வேலைநிறுத்தமும் காரணமில்லை. ஆஞ்சப்பன்தான் காரணம். இருபத்தாறு வயது, காற்றடித்தால் சாய்கிற உடம்பு, கணிதத்தில் முதுகலைப் பட்டம், சட்டைப் பையில் எந்நேரமும் கசிகிற பேனா. இப்படிப்பட்ட ஒருவனால் ஒரு ஊரின் வியாபாரத்தை நிறுத்திவைக்க முடியும் என்று ராயக்கோட்டையில் இருக்கும் அவன் அம்மா சரோஜம்மாள்கூட நம்பியிருக்க மாட்டாள். சைக்கிளையே அவன் ஒழுங்காக நிறுத்திப் பார்த்தவள் இல்லை அவள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், ஆனி மாதம், பெங்களூரா மாங்காய் வந்து குவிகிற நேரம். மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, விரல்களைப் பிடித்தும் அழுத்தியும் பேரத்தை முடிப்பார்கள். மேலே முகத்தைப் பார்த்தால் யாரோ தூரத்துச் சொந்தக்காரரின் உடம்பு சௌகரியத்தை விசாரிப்பதுபோல் இருக்கும். நாளின் முதல் பேரம் போணி. துண்டைப் போட்டு மூடித்தான் பேசுகிறார்கள் என்றாலும், போணி விலை என்ன என்பது கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் மண்டி முழுக்கத் தெரிந்துவிடும். மற்ற பேரமெல்லாம் அதை ஒட்டித்தான் நடக்கும். முதலில் கை நீட்டுகிறவர் கொஞ்சம் கூடத்தான் கொடுத்தாக வேண்டும்; பின்னால் வருகிறவர்கள் அங்கிருந்து கீழே இழுத்துக்கொள்வார்கள். ஆகவே பெரிய வியாபாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நிற்பார்கள். கடைசியில் யாரோ ஒருவருக்குப் பொறுமை போகும், கை துண்டுக்குள் போகும், நாள் தொடங்கும்.

இப்படி நிற்பதைத்தான் டாக்டர் பவளம் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பவளம் கோவில்பட்டிக்காரர். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. ஒரே ஆட்டத்தைத் தினமும் ஆடுகிறவர்கள் ஆடி ஆடி எதைக் கற்றுக்கொள்கிறார்கள், அதை ஒரு இயந்திரம் தானாகக் கற்றுக்கொள்ளுமா என்பதுதான் அவருடைய கேள்வி. பொருளாதாரத் துறையில் அவரைக் கம்ப்யூட்டர்க்காரி என்றார்கள். கம்ப்யூட்டர் துறையில் பொருளாதாரக்காரி என்றார்கள். அதனால் இரண்டு துறை விருந்துக்கும் அவருக்கு அழைப்பு வந்ததில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. சாப்பிடும் நேரம் மிச்சம் என்றார். மண்டிக்கும் பெங்களூருக்கும் இடையில் இருக்கட்டும் என்று ஓசூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார். கீழே லேத் ஓடினால் மேலே கம்ப்யூட்டர் திரை நடுங்கும். அந்த நடுக்கத்தினூடே எண்களைப் படிப்பதற்கு ஆஞ்சப்பனுக்கு உதவித்தொகை.

கம்ப்யூட்டருக்குள் அவர்கள் ஒரு மண்டி வைத்திருந்தார்கள். அதில் இயந்திரம் ஒரு வியாபாரி. கடந்த பருவங்களின் விலைகளை வைத்து, ஒரு காலையை அதற்கு ஆடக் கொடுப்பார்கள். லாபம் வந்தால் அன்றைக்குச் செய்ததை மறுபடி செய்யும் ஆசை அதற்குக் கொஞ்சம் கூடும். நட்டம் வந்தால் குறையும். இப்படி ஆயிரக்கணக்கான பொய்க் காலைகளை ஆடிவிட்டு இயந்திரம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. பொறு. இன்னொருவன் கை நீட்டும்வரை பொறு. பவளம் அதை வைத்து ஒரு கட்டுரை எழுதி முடித்து, தபாலில் சேர்ப்பதற்காக உறையில் போட்டுவைத்திருந்தார். ஒரு வருட உழைப்பு.

நிஜ மண்டியிலும் ஒருநாள் பார்த்துவிடலாம் என்று, மாங்கூழ் ஆலை ஒன்றுக்குக் காய் வாங்கும் லால் பாஷாவைக் கேட்டார்கள். அவர் சரி என்றார். கால் மணிக்கு ஒரு வரியாக என்ன செய்ய வேண்டும் என்று ஆஞ்சப்பன் ஒரு தாளில் அச்சடித்து முந்தின நாள் மாலை கிருஷ்ணகிரியில் அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தான்.

அதோடு ஓசூர் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டு வாசலில் குலாம் ரசூல் நின்றிருந்தார். லால் பாஷாவுக்குச் சகலை, இன்னொரு கூழ் ஆலைக்குக் கொள்முதல்காரர். மண்டியில் போணிக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த இருவர்தான்.

"அவனுக்கு மட்டும் குடுத்துட்டுப் போறியே தம்பி, நான் உனக்கு என்ன பண்ணன்?" என்றார் குலாம் ரசூல்.

ஆஞ்சப்பனுக்கு உலகத்தில் வராத ஒரே சொல் 'இல்லை'. வீட்டுக்கு வந்து சோப்பு விற்கிறவர்களிடம் அவன் வாங்கிய சோப்பு, அவன் ஆயுளுக்கும் குளித்தாலும் தீராது. அறிவு என்பது பொதுச்சொத்து, ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது நியாயமில்லை என்று மனசுக்குள் ஒரு சின்னச் சொற்பொழிவு நடத்திவிட்டு, பையில் கைவசம் வைத்திருந்த இரண்டாவது பிரதியை எடுத்துக் கொடுத்தான். கொடுத்தபோது அவனுக்குத் தன்னைப் பற்றி உயர்வான எண்ணம்கூட உண்டானது.

மறுநாள் காலை ஆஞ்சப்பனும் மண்டிக்கு வந்து ஓரமாக நின்றான். தாளில் இருந்தபடி லால் பாஷா பொறுத்தார். தாளில் இருந்தபடி குலாம் ரசூலும் பொறுத்தார். சின்ன வியாபாரிகள் எப்போதும்போல் இந்த இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. லால் பாஷா சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தார்: பொறு. எதிர்ப்பக்கம் குலாம் ரசூல் திரும்பி நின்று ரகசியமாகத் தன் தாளைப் பார்த்தார்: பொறு. இரண்டு பேர் முகத்திலும் புத்திசாலித்தனம் பொங்கி வழிந்தது. டிராக்டர்களில் மாங்காய் சூடேறிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே இரண்டு ஆலைகளிலும் பாய்லரைப் பற்றவைத்துவிட்டு, தோல் சீவும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து காய் கொண்டுவந்திருந்த வெங்கடம்மாள்தான் முதலில் கிளம்பினாள். ஒன்றும் பேசவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள், டிராக்டர்க்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வண்டி எல்லை தாண்டி விற்பதற்குக் கர்நாடகச் சாலைப் பக்கம் திரும்பியது. அவளுக்குப் பின்னால் இரண்டு வண்டி. அப்புறம் வரிசையாக. மண்டி பாதி காலியானபோதுதான் சகலைகள் இருவரும் ஒருவர் கையிலிருந்த தாளை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து ஆஞ்சப்பனைப் பார்த்தார்கள். பல வருடங்களில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

"ரெண்டு தாளுக்கும் பேசாம நிக்காஹ் பண்ணி வெச்சிருக்கலாம்பா" என்றார் லால் பாஷா. "பொண்ணும் மாப்பிள்ளையுமாட்டம், நீ பேசு நீ பேசுன்னு காலம் பூரா உக்காந்திருக்கும்."

மற்றவர்கள் அவ்வளவு நயமாகப் பேசவில்லை. தமிழில் திட்டியது ஆஞ்சப்பனுக்குப் பாதிதான் புரிந்தது, அவ்வளவு வேகம். தெலுங்கில் திட்டியது முழுக்கப் புரிந்தது. கன்னடத்தில் ஒருவர் சிரித்த முகமாகத் திட்டியதால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டான்.

ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேலை போய்விட்டது என்று ஆஞ்சப்பன் தனக்குத்தானே அறிவித்துக்கொண்டான். அறிவிப்பதில் ஒரு வசதியும் இருந்தது. ஓசூரில் வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி உதவித்தொகையோ இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதும் விடுவதும் பவளம் சொல்லும் ஒரு வார்த்தையில் இருந்தது. ஆலையென்றால் சீருடை, கேண்டீன், மாதம் பிறந்தால் சம்பளம் என்று அம்மா ஆளனுப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் ஆஞ்சப்பனுக்கு அந்த நடுங்கும் திரையை விட்டுப் போக மனமில்லை. மனமில்லை என்பதைச் சொல்லவும் தைரியமில்லை. இந்த வேலைக்கு நாம் லாயக்குத்தானா என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள முயற்சி செய்யாமல் இல்லை. "மேடம், நான் ஆராய்ச்சியில இருந்தா உருப்படுவேங்களா?" என்று ஏற்கெனவே கேட்டிருந்தான். எதிராளி என்ன செய்வான் என்றே கணக்குப் போடும் ஆட்டக் கோட்பாட்டுக்காரர்களிடம் இப்படிக் கேட்கவே கூடாது. "அது மத்தவங்க என்ன செய்யுதாங்கங்கத பொறுத்துல்லா இருக்கு" என்றார் பவளம். இன்னொரு நாள், "ஃபேக்டரி வேலை நல்லதுங்களா மேடம்?" என்றதற்கு, எதோடு ஒப்பிட்டு என்று திருப்பிக் கேட்டார். காபி வேண்டுமா என்று கேட்டாலே, இப்போதா கொஞ்சம் கழித்தா என்று இரண்டு கிளை பிரித்து யோசிப்பவர் அவர்.

மாடிப்படி ஏறும்போது ராஜினாமா வாசகத்தை மூன்று விதமாகத் தயார் செய்துகொண்டான். மூன்றும் உள்ளே போனதும் மறந்துபோயின. அதனால் அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில், நடந்ததைக் கிண்டலாகச் சொன்னான். இரண்டாவது தாளைக் கொடுத்ததை மறைக்கவில்லை. சகலைகள் தாளைப் பார்த்த அழகை நடித்துக் காட்டினான். பவளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவன் தைரியம் பெற்று, வண்டிகள் கிளம்பிய கதைக்கு வந்தான். வெங்கடம்மாள் தார்ப்பாயை இழுத்துக் கட்டினது, அவளை ஒட்டி நின்ற இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினது, அதுக்கப்புறம் யாரும் வியாபாரிகளைப் பார்க்கவேயில்லை, முன்னாடி போகிற வண்டியைத்தான் பார்த்தார்கள், கரண்ட் போன சினிமாக் கொட்டகையைக் காலி பண்ணுவது மாதிரி...

பவளத்தின் சிரிப்பு நின்றது.

"திரும்பச் சொல்லு" என்றார்.

சொன்னான். இந்த முறை நடிப்பு குறைந்தது.

"சிரிப்பு வேண்டாம். மொதல்ல கெளம்புனது யாரு, அந்தம்மா பக்கத்துல நின்னது யாரு, யாரு யாரப் பாத்தாங்க? திரும்பச் சொல்லு."

மூன்றாம் முறை சொல்லும்போதுதான், அத்தனை திட்டுக்கு நடுவிலும் கடைசி வண்டி போகும்வரை தான் அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறோம் என்பது ஆஞ்சப்பனுக்கே தெரிந்தது. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். கால் வரவில்லை. பயத்தினால் என்று நினைத்திருந்தான்.

பவளம் எழுந்துபோய் அந்தத் தபால் உறையை எடுத்தார். கிழித்தார். கட்டுரையை எடுத்து மேஜைமேல் விரித்து, பார்வையை ஓட்டினார். ஆஞ்சப்பன் கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்தான். ஒரு வருடத்து உழைப்பு வீணாகப் போகிறபோது மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பதற்கு அவனிடம் ஒரு நீளமான கற்பனை இருந்தது.

"தப்பா இருக்கு ஆஞ்சப்பா" என்றார் பவளம். அவர் முகம் மலர்ந்திருந்தது. "எவ்வளவு அழகா தப்பா இருக்கு, பாரேன்."

பிறகு விளக்கினார். இயந்திரத்துக்கு அவர்கள் பழைய விலைகளைக் காட்டினார்கள். பழைய விலைகளில் இருந்த மனிதர்கள் எல்லாம் ஏற்கெனவே கற்று முடித்தவர்கள். இயந்திரம் மட்டும்தான் புதிதாகக் கற்றது. ஒருத்தன் மட்டும் கற்றுக்கொள்கிற ஊரில் பொறுப்பது புத்தி. எல்லோரும் கற்றுக்கொள்கிற ஊரில்? எதிரே நிற்கிறவனும் அதே பாடத்தைக் கற்றால்? அதைவிடப் பெரிய தப்பு, விற்கிறவர்களை இவர்கள் இருவரும் மூட்டையோடு மூட்டையாக வைத்திருந்தார்கள். காத்திருக்கும், நகராது. நிஜத்தில் அவர்களும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கிறார்கள்; அலுத்தால் எல்லை தாண்டிப் போகிறார்கள். இதைச் சொல்லிக்கொண்டே அவர் தன் கட்டுரையின் பின்பக்கத்திலேயே புதிய மண்டியை வரைய ஆரம்பித்தார். முன்பக்கத்தில் தன்னுடைய பழைய முடிவு நிரூபணத்தோடு இருப்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. வெள்ளைத்தாள் தீர்ந்துபோனது, அவ்வளவுதான் விஷயம்.

ஆஞ்சப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். தேர்வில் ஒரு மதிப்பெண் குறைந்ததற்கு அவன் ஒரு வாரம் படுத்துக்கிடந்தவன். இந்த அம்மாள் ஒரு வருடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் எழுதுகிறார். ராஜினாமாவைப் பற்றிப் பேச இது சமயமில்லை என்று தோன்றியது. தவிர, "அந்தப் பென்சில எடு" என்று அவர் சொல்லிவிட்டார்.

அடுத்த சில நாட்கள் அந்த மாடியில் எப்படிப் போயின என்று கேட்டால், லேத் ஓடாத நேரமெல்லாம் இயந்திரம் ஓடியது என்பதுதான் பதில். இப்போது அதற்குள் எல்லோரும் கற்றார்கள். இரண்டு வியாபாரிகள், இருபது விற்பவர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆசை, தனித்தனி அலுப்பு. எழுதியது ஆஞ்சப்பன். அவன் எழுதிய முதல் வடிவத்தில், விற்பவர்கள் எல்லோரும் விடிவதற்கு முன்னமே கர்நாடகத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டாவதில் யாருமே வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. பவளம் ஒவ்வொரு தடவையும், "அப்படியா, எதுக்குப் போனாங்க?" என்று பக்கத்து வீட்டுச் செய்தி கேட்பதுபோல் ஆர்வமாகக் கேட்டார். அப்படிக் கேட்டால் கோபப்படவோ அழவோ முடிவதில்லை. போய்ப் பார்த்துக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் திரையில் ஒரு கோடு ஏறியது. ஆரம்பத்துப் பொய்க் காலைகளில் மண்டி வெறுமனே நின்றுகொண்டே இருந்தது. ஆயிரம் கடந்ததும் ஒரு வியாபாரி கொஞ்சம் முன்னால் கை நீட்டினான். அவன் நீட்டுவதைப் பார்த்து விற்பவர்கள் கிளம்பாமல் இருந்தார்கள். இருந்ததைப் பார்த்து மற்றவனும் நீட்டினான். போகப் போக, இன்று இவன் என்றால் நாளை அவன் என்று, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே முறை வைத்துக்கொண்டதுபோல் ஆடினார்கள். பவளம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கீழே லேத் ஓடத் தொடங்கி, கோடு நடுங்கியது. இருவரும் திரையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை பவளம் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினார். ஆஞ்சப்பனையும் வரச் சொன்னார். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. தண்டனையைப் பொது இடத்தில் வைத்துக் கொடுப்பார்களோ என்று மட்டும் நினைத்துக்கொண்டான். மண்டிக்குள் போய், சகலைகள் நிற்கிற இடத்துக்கும் டிராக்டர்கள் நிற்கிற இடத்துக்கும் நடுவில் நின்று, பவளம் எல்லோருக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

"அன்னைக்கு நடந்தது எங்க தப்பு. தாள ரெண்டு பேருக்குக் குடுத்தது தப்பில்ல. ரெண்டு பேர்ட்ட இருந்தா கெட்டுப் போற தாள எழுதுனது தப்பு. எழுதச் சொன்னது நான்."

வெங்கடம்மாள் டிராக்டரின் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "மிசின் மேல எனக்கென்னம்மா கோவம்" என்றாள். "ரெண்டு ஆம்பளைங்க தாளைப் பாத்துக்கினு பொம்மையாட்டம் நின்னாங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல." மண்டி சிரித்தது. லால் பாஷாவும் சிரித்தார். குலாம் ரசூல் மட்டும், அப்ப புதுத் தாள் எப்ப வரும் என்று ஆர்வமாகக் கேட்டார். எல்லோர் கையிலும் இருந்தாலும் கெடாத தாள் வரும்வரை எந்தத் தாளும் வராது என்று பவளம் சொல்லிவிட்டார். குலாம் ரசூலின் பார்வை, பழக்க தோஷத்தில், ஆஞ்சப்பன் பக்கம் திரும்பியது. ஆஞ்சப்பன் வானத்தைப் பார்த்தான்.

பஸ் நிலையத்தில் ஓசூர் பஸ் வர நேரமானது. வேலைக்குக் கூப்பிட்டிருந்த ஆலையின் அலுவலகத்தை மதியத்துக்குள் மூடிவிடுவார்கள். அதற்குள் போய்ச் சொல்ல வேண்டும், சரி என்றோ வேண்டாமென்றோ. பவளம் வேர்க்கடலைப் பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினார். அவன் ஒன்றை எடுத்துத் தோலை உரிக்கத் தொடங்கி, உரித்த பருப்பைக் கீழே போட்டுவிட்டுத் தோலை வாயில் போட்டுக்கொண்டான்.

"மேடம், நான் ஃபேக்டரிக்குப் போனா நல்லதுங்களா, இருந்தா நல்லதுங்களா?"

பவளம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதுதான் கொடுமை. போனால் அங்கே மேலதிகாரி எப்படி என்பதைப் பொறுத்தது, இருந்தால் அடுத்த வருடம் பணம் கொடுக்கிறவர்கள் மனசைப் பொறுத்தது, அவன் அம்மா எவ்வளவு நாள் பொறுப்பார் என்பதும் இருக்கிறது என்றார். ஒரு கடலையைத் தின்றார். இன்னொரு கிளையைத் தொடங்கினார்.

ஆஞ்சப்பன் தோலைத் துப்பினான். பிறந்ததிலிருந்து அவன் செய்யாத ஒன்றைச் செய்தான். ஒருவரைப் பாதிப் பேச்சில் நிறுத்தினான்.

"எனக்கு எது நல்லதுன்னு கேக்கலைங்க மேடம். அத நான் பாத்துக்கறன். நான் இருக்கணும்னு நீங்க நெனைக்கிறீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

பவளம் கடலைப் பொட்டலத்தை மடித்தார். இந்தக் கேள்வியில் வேறு யாரும் இல்லை. பொறுத்துப் பார்க்க வேண்டிய எதிராளி இல்லை, பிரிக்கக் கிளை இல்லை.

"ஆமா" என்றார். "நீ இருக்கணும்."